பழங்காலப் பிள்ளைகள் உருப்போட மட்டுமா செய்தார்கள்?

சேலத்தில் ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவி ஒருவர், ஏற்காட்டுப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திப் பழகச் செல்லும் முன் எனக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். தாளும் அச்சும் இல்லாத பழைய நாகரிகங்களில் பிள்ளைகள் எப்படிக் கற்றார்கள், பெரியவர்கள் எப்படிக் கற்பித்தார்கள், அதெல்லாம் பொருள் தெரியாமல் உருப்போட்டதுதான் என்று தம் வகுப்பில் பேசிக்கொள்வது சரிதானா என்பது கேள்வி. அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்றுப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சரியில்லை என்பதே என் பதில். உருப்போட்டார்கள், நிறையவே உருப்போட்டார்கள். ஆனால் உருப்போட்டதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது, தறியின் நெடுக்கு இழைகளான பாவை ஓட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுத் துணியைப் பார்க்காமல் எழுந்து போவதைப் போன்றது.

பழங்கால மாணவனின் கையெழுத்தையே நேரில் காண வேண்டுமானால் இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்த நிப்பூர் என்ற ஊருக்குத்தான் போக வேண்டும். 1951–52 ஆண்டுகளில் அங்கே தோண்டியபோது ஒரு சிறிய வீடு கிடைத்தது. ஆய்வாளர்கள் அதை ‘எஃப் வீடு’ என்று குறிக்கிறார்கள். ஏறத்தாழ கி.மு. 1740-ஐ ஒட்டிய காலத்தில் அங்கே ஒரு பள்ளி நடந்திருக்கிறது. சில அறைகளே கொண்ட அந்த வீட்டிலிருந்து சுமார் 1,400 களிமண் பலகைகளும் உடைந்த துண்டுகளும் எடுக்கப்பட்டன. சுமேரிய மொழியில் பள்ளிக்கு ‘எதுப்பா’ என்று பெயர். பலகைகளின் வீடு என்று அதற்குப் பொருள் கூறுவர். பெயரைக் கேட்டதும் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நம் ஊர்த் திண்ணையை நினைத்துக்கொள்வதே பொருத்தம்.

அங்கே சேர்ந்த பையன் முதலில் கற்றது எழுத்தை விட முந்திய ஒன்று. களிமண்ணைப் பதமாகப் பிசைந்து உள்ளங்கைக்குள் அடங்கும் பலகையாகத் தட்டுவதும், நாணல் குச்சியின் முனையை அதில் அழுத்துவதும்தான் அவனுடைய முதல் பாடம். அழுத்திய இடத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு தடம் விழும். நின்ற ஆப்பு, கிடந்த ஆப்பு, சாய்ந்த ஆப்பு என்று மூன்றையும் கை பழகிய பிறகு அசையெழுத்துகள் வந்தன. அதன் பின் ஆட்களின் பெயர்கள், அதன் பின் நீண்ட சொற்பட்டியல்கள். மரங்களும் மரச் சாமான்களும் ஒரு பகுதி. நாணல், மட்கலம், தோல், உலோகம் ஆகியவற்றால் ஆன பொருள்கள் ஒரு பகுதி. விலங்குகள், கற்கள், செடிகள், மீன்கள், பறவைகள், துணிகள், ஊர்ப்பெயர்கள், உணவு வகைகள் என்று அந்தப் பட்டியல் விரிகிறது. இதைப் படித்தபோது எனக்கு நம் நிகண்டுகள்தாம் நினைவுக்கு வந்தன. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று பன்னிரண்டு தொகுதிகளாகச் சொற்களை வகுத்து, பாட்டாகக் கட்டி, சிறுவர் வாயில் ஏற்றியவர்கள் நம்மவர்கள். நிப்பூருக்கும் நமக்கும் ஒரு தொடர்பும் இல்லை. உலகத்தை வகைப்படுத்தி அறிவதற்குச் சொற்பட்டியலைப் போன்ற எளிய கருவி வேறில்லை என்று இரண்டு இடத்து ஆசிரியர்களும் தாமாகவே கண்டுகொண்டார்கள்.

இப்போது அந்தப் பலகைகளில் ஒரு வகையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அகலமான பலகை, முன்பக்கம் இரண்டு பத்திகள். இடப்பத்தியில் ஆசிரியரின் தேர்ந்த கையெழுத்தில் பாடம் இருக்கிறது. வலப்பத்தியில் பையன் அதைப் பார்த்து எழுதியிருக்கிறான். இந்த வகைப் பலகைகளில் வலப்பக்கம் இடப்பக்கத்தைக் காட்டிலும் தேய்ந்து மெலிந்திருப்பதைக் காணலாம். எழுதினான், சுரண்டினான், மறுபடி எழுதினான், மறுபடி சுரண்டினான். மண்ணே குறைந்துபோகும்வரை எழுதினான். பலகையைத் திருப்பினால் பின்பக்கம் வேறு பாடம் இருக்கும். அது சில நாள்களுக்கு முன்போ சில மாதங்களுக்கு முன்போ படித்து முடித்த பாடத்தின் நீண்ட பகுதி. பார்த்து எழுதாமல் நினைவிலிருந்து எழுதியது. புதிய பாடமும் பழைய பாடமும் ஒரே பலகையின் இரண்டு பக்கங்களில் இருப்பதனால்தான், எதற்குப் பின் எதைக் கற்பித்தார்கள் என்ற பாட வரிசையையே அறிஞர்களால் மீட்டெடுக்க முடிந்திருக்கிறது. இன்று ஒன்று படிக்கும்போது முன்பு படித்ததை ஒரு முறை திருப்பிப் பார் என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோமே, அந்த வழக்கத்துக்கு ஏறக்குறைய 3,700 ஆண்டு வயதான சாட்சி அந்தப் பலகை.

கணக்கும் இப்படித்தான் நடந்தது. அவர்களுடைய எண்முறை அறுபதை அடியாகக் கொண்டது. பெருக்கல் வாய்ப்பாட்டில் 1 முதல் 20 வரைக்கும், அதன் பின் 30, 40, 50 ஆகியவற்றுக்கும் விடை இருந்தால் போதும். 37-ஆல் பெருக்க வேண்டுமானால் 30-க்கு உரியதையும் 7-க்கு உரியதையும் கூட்டிக்கொள்ளலாம். அதாவது வாய்ப்பாட்டை உருப்போட்டவன் அதோடு நிற்க முடியாது. எண்ணை எங்கே உடைப்பது என்று யோசித்தே ஆக வேண்டும். வாய்ப்பாட்டுக்குப் பிறகு பழமொழிகள், மாதிரி ஒப்பந்தங்கள், கடைசியில் சுமேரியக் கவிதைகள். அந்தக் காலத்தில் நிப்பூர்த் தெருக்களில் பேசப்பட்டது அக்காதிய மொழி. சுமேரிய மொழி பேச்சில் மறைந்து, ஏட்டிலும் வழிபாட்டிலும் மட்டும் நின்றது. வீட்டில் ஒருவரும் பேசாத மொழியில் அந்தப் பிள்ளைகள் இலக்கியம் படித்தார்கள்.

பிரம்பும் இருந்தது. மாணவன் ஒருவனின் ஒரு நாளைச் சொல்லும் சுமேரியப் பாடம் ஒன்று நிறையப் பிரதிகளில் கிடைத்திருக்கிறது. பேசியதற்கு ஓர் அடி, எழுந்து நின்றதற்கு ஓர் அடி, கையெழுத்து நன்றாயில்லை என்று ஓர் அடி என வாங்கிய பையன், ஆசிரியரை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும்படி தகப்பனிடம் சொல்கிறான். தகப்பனும் அழைத்து, உண்ணக் கொடுத்து, புத்தாடை உடுத்தி, விரலில் மோதிரமும் போட்டுவிடுகிறார். ஆசிரியர் பையனை வாயார வாழ்த்துகிறார். எகிப்திலோ, பையனின் காது முதுகில் இருக்கிறது, அடித்தால்தான் கேட்பான் என்றே எழுதி வைத்தார்கள். இதற்கு எதிராக நின்ற ஒருவரையும் சொல்லியாக வேண்டும். ரோமில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குவிண்டிலியன் என்ற ஆசிரியர், மாணவனை அடிப்பது அடிமையை நடத்துவதற்கு ஒப்பானது என்று வெளிப்படையாகவே கண்டித்தார். சிறு குழந்தைகள் கையில் தந்தத்தால் செய்த எழுத்துகளைக் கொடுத்து விளையாட விட வேண்டும் என்பதும், பலகையில் எழுத்தைப் பள்ளமாகச் செதுக்கிவைத்தால் எழுத்தாணி அந்தத் தடத்திலேயே ஓடிக் கை பழகும் என்பதும் அவர் தந்த யோசனைகள். நீங்கள் ஏற்காட்டுக்குப் போகும்போது, எகிப்தியர் சொன்னதை விட்டுவிட்டு இவர் சொன்னதை எடுத்துக்கொண்டு போங்கள்.

எகிப்தில் பப்பைரசுத் தாள் விலை கூடியது என்பதால் மாணவர்கள் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதிப் பழகினார்கள். அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் குடியிருந்த தெயிர் எல் மெதினாவில் அத்தகைய சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. கறுப்பு மையில் எழுதப்பட்ட பயிற்சிகள் சிலவற்றின் மேல் சிவப்பு மையில் திருத்தம் இருக்கிறது. நம் சிவப்புப் பேனாவின் மூத்த உறவு அது. கி.மு. 1550-ஐ ஒட்டி அகமோசு என்ற எழுத்தர், தமக்குப் பல தலைமுறை முந்திய மூலத்தைப் பார்த்துப் படியெடுத்த கணக்குச் சுருள் ஒன்று இன்றும் இருக்கிறது. பெருக்கலுக்கு அவர்கள் பெரிய வாய்ப்பாடு எதையும் நம்பவில்லை. இரட்டிப்பதை மட்டுமே நம்பினார்கள். 12-ஐ 13-ஆல் பெருக்க வேண்டுமா? 12, 24, 48, 96 என்று இரட்டித்துக்கொண்டே போகிறார்கள். ஒரு பங்கு, நான்கு பங்கு, எட்டுப் பங்கு சேர்ந்தால் பதின்மூன்று பங்கு. எனவே 12, 48, 96 மூன்றையும் கூட்டி 156 என்கிறார்கள். வாய்ப்பாடு தெரியாமல் அழும் பிள்ளைக்கு இதை ஒரு நாள் காட்டிப் பாருங்கள்.

சீனாவையும் கிரேக்கத்தையும் விரித்துச் சொல்ல இங்கே இடமில்லை. உலர்ந்த இறைச்சிக் கட்டு ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டு வந்த எவருக்கும் தாம் சொல்லிக் கொடுக்காமல் இருந்ததில்லை என்று கன்பூசியசு கூறியதாக ஒரு குறிப்பு உண்டு. கி.மு. 124-இல் பேரரசர் வூ தலைநகரில் ஐம்பது மாணவர்களோடு அரசுக் கல்விக்கழகம் ஒன்றைத் தொடங்கினார். கிரேக்கத்தில் சாக்ரடீசு கேள்வி கேட்டே பாடம் நடத்திய கதை உங்களுக்குப் பாடப் புத்தகத்திலேயே இருக்கும்.

எழுத்தே இல்லாமல் கற்பித்த முறைக்கு வருவோம். மனப்பாடம் என்று நாம் இளக்காரமாகச் சொல்வது எவ்வளவு நுட்பமான கருவியாக இருந்தது என்பதற்கு வேதம் ஓதும் முறையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஒரு வரியை அப்படியே ஓதுவதோடு அவர்கள் விடுவதில்லை. சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓதுவது ஒரு முறை. ஒன்று–இரண்டு, இரண்டு–மூன்று, மூன்று–நான்கு என்று சங்கிலியாகக் கோத்து ஓதுவது இன்னொரு முறை. ஒன்று–இரண்டு, இரண்டு–ஒன்று, ஒன்று–இரண்டு என்று முன்னும் பின்னுமாகப் பின்னி ஓதுவது சடை. அதற்கு மேல் மூன்று சொற்களை எடுத்து முன்னும் பின்னுமாக அடுக்குவது கனம். தலைகீழாகச் சொல்லும்போது பொருள் உதவிக்கு வராது. ஒலியையும் இடத்தையும் துல்லியமாகப் பிடித்திருந்தால்தான் வாய் நகரும். எங்காவது ஒரு சொல் தவறினால் அடுத்த அடுக்கிலேயே அது காட்டிக் கொடுத்துவிடும். பிழை நுழையாமல் காக்கும் பூட்டு அந்த ஓதும் முறைக்குள்ளேயே இருந்தது. அந்தக் கல்வி பெண்களுக்கும் பெரும்பாலான சாதியாருக்கும் மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முறையின் நுட்பத்தை மெச்சுவதற்காக அந்தக் கதவு அடைபட்டிருந்ததை மறைப்பது நேர்மையாகாது.

தமிழகத்துப் பழைய சான்றுகள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. நமக்கு அருகே, ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இரும்பு, எஃகு உருக்கிய உலைகளும், பச்சைக்கல், சூதுபவளம், படிகம் ஆகியவற்றில் மணி செய்த தடயங்களும் கிடைத்தன. அவற்றோடு தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. கீழடியிலும் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ என்று பெயர் கீறிய ஓடுகள் உண்டு. அன்றாடம் புழங்கிய பானையில் பெயர் எழுதியிருக்கிறது என்றால், எழுத்து அரண்மனைக் கணக்கர் கையில் மட்டும் இருந்த வித்தையாக இருக்க முடியாது என்பது என் துணிபு. சங்கப் பாடல்களைப் பாடியவர்களுள் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்கள் இருப்பதும் அதையே சொல்கிறது. நம் சேர்வராயன் மலைக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமானிடம் உரிமையோடு பேசிய ஔவையார் அவர்களுள் ஒருவர். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னன் பாடியதாகப் புறநானூற்றில் 183-ஆம் பாட்டு இருக்கிறது. ஆசிரியருக்கு இடர் வந்தபோது உதவியும், மிகுந்த பொருளைக் கொடுத்தும், பின்னால் நின்று வழிபடுவதற்கு வெறுக்காமல் கற்பது நன்று என்று தொடங்கி, கீழ்ப்பாலில் பிறந்த ஒருவன் கற்றுவிட்டால் மேற்பாலில் பிறந்தவனும் அவனிடம் சென்று பணிவான் என்று அது முடிகிறது. அரியணையில் இருந்தவன் பெயரால் இப்படி ஒரு பாட்டு நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

பள்ளி என்ற சொல்லையும் கவனியுங்கள். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். அதே சொல்தான் நாம் பிள்ளைகளை அனுப்பும் இடத்துக்கும் நிலைத்துவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் ஏட்டையும் பாட்டையும் பற்றியது. ஆனால் எந்த நாகரிகத்திலும் மக்களில் பெரும்பாலானோர் பள்ளியைப் பார்த்ததில்லை. அவர்கள் கற்கவில்லையா? நம் கஞ்சமலையைப் பாருங்கள். அந்த மலையின் கருமணலையும் கல்லையும் உருக்கி இரும்பெடுக்கும் சிற்றுலைகள் சேலம் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டிலும் புகைந்துகொண்டிருந்தன. இரும்புத் துண்டை மூசை என்ற மண்குடுவையில் இட்டு, ஆவாரங்குச்சியும் இரண்டொரு பச்சிலையும் உடன் வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி, துருத்தி ஊதிக் காய்ச்சி எஃகாக்கினார்கள். குச்சியும் இலையும் கரியாகி அந்தக் கரி இரும்பில் ஏறுவதால்தான் அது எஃகாகிறது. எவ்வளவு குச்சி, எவ்வளவு நேரம், நெருப்பின் நிறம் எப்படி மாறினால் துருத்தியை நிறுத்துவது என்பதையெல்லாம் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, துருத்தி மிதித்து, சுட்டுக்கொண்டு, கண்ணால் கற்றார்கள். நீங்கள் போகும் மலையில், தாத்தாவோடு காட்டுக்குப் போய் எந்தக் கிழங்கு எந்த மாதத்தில் தோண்டத் தக்கது என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவர்கள் கற்றது மேற்சொன்ன எதற்கும் குறைந்த கல்வியாக எனக்குத் தோன்றவில்லை.

மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், ஒருவன் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வதும், முந்திரி 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று என்று கீழ்வாயிலக்கம் என்னும் பின்ன எண்களை எண்சுவடியில் படிப்பதும் நம் திண்ணைப் பள்ளிகளில் நேற்றுவரை இருந்தன. அந்தப் பள்ளிகளில் வாத்தியார் ஒருவர்தான். ஆனால் கற்பித்தவர்கள் பலர். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789-இல் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு தம் பள்ளியிலும் அப்படியே செய்வித்து, பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் ஏற்பாடு செய்தார். 1797-இல் அவர் அதைப் பற்றி அச்சிட்ட பிறகு இங்கிலாந்தில் அதற்குச் சென்னை முறை என்றே பெயர் வந்தது. பாராமகாலில் இளம் அதிகாரியாக வேலை பார்த்து நம் பகுதியை நன்கு அறிந்திருந்த தாமஸ் மன்றோ, பின்னாளில் ஆளுநரானதும் 1822-இல் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். சேலம் உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து வந்த அறிக்கைகளைத் தொகுத்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826-இல் பதிவு செய்தார்.

மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஆள் போதாமையால் வந்த ஏற்பாடு என்று சிலர் எண்ணுகிறார்கள். நம் இலக்கணிகள் அப்படி எண்ணவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வந்த வழக்கத்தைப் பாயிரத்தில் தொகுத்துச் சொல்கிறது. ஒரு நூலைப் பயிலும் முறை எது என்றால், உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டதைச் சிந்தித்தல், ஆசானை அடுத்து மறுபடி கேட்டுத் தெளிதல், உடன் பயில்வோரோடு பழகுதல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடை சொல்லுதல் என்று ஏழு கூறுகளை அது அடுக்குகிறது. நீங்கள் கேட்ட மனப்பாடம் இந்த ஏழில் ஒன்று. பாடம் போற்றுதல் என்ற இரண்டாவது கூறு. அதோடு ஒரு கணக்கும் போடுகிறது. ஆசான் சொன்னதை முழுக்க மனத்தில் வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது காற்பங்கு புலமைதான். உடன் கற்பவரோடு பயின்றால் இன்னொரு காற்பங்கு. மீதி இரண்டு காலும், அதாவது பாதிப் புலமை, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும்.

இந்தப் பாதிக் கணக்கை நான் நன்னூல் படிப்பதற்கு முன்பே தறிக்குழியில் பார்த்திருக்கிறேன். பள்ளி விட்டு வந்ததும் எனக்கு வீட்டில் தார் சுற்றும் வேலை. பிறகு பாவு பிணைக்கும் வேலை. தறியில் முடிந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு வயதில் அது எனக்குக் கை வந்துவிட்டது. பேசிக்கொண்டே பிணைப்பேன். ஒரு நாள் சித்தப்பா என் தம்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைத்து, “இவனுக்கும் சொல்லிக் குடுடா” என்றார். வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. எந்த விரல் முதலில் போகிறது என்று எனக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூன்று முறை பிணைத்துப் பார்த்தேன். வலக்கைதான் முறுக்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். வலக்கை சும்மா பிடித்துக்கொண்டு நிற்க, இடக்கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் இழையை உருட்டிக்கொண்டிருந்தது. அதைத் தம்பியிடம் சொன்னேன். அன்று விளக்கு வைப்பதற்குள் அவன் நாற்பது இழை பிணைத்தான், பதினொன்று அறுந்தது.